கோடு போட்டவர் யார்? அமெரிக்க மாநிலங்களின் செவிலியர் சட்டங்கள்



சட்டம் படித்தவனைச் செவிலியர் அவைக்கு அழைத்தால் பெரும்பாலும் ஒரே தலைப்புதான் கொடுப்பார்கள்: மருத்துவக் கவனக்குறைவு வழக்குகள். ஒரு மணி நேரம் உங்களைப் பயமுறுத்திவிட்டு, பொன்னாடை வாங்கிக்கொண்டு போக வேண்டும். இந்த முறை வேறொன்று பேசலாமா என்று கேட்டேன், பெருந்தன்மையோடு சம்மதித்தார்கள்.

இங்கே அமர்ந்திருப்பவர்களில் சிலராவது அமெரிக்கச் செவிலியர் உரிமத்துக்கான என்க்ளெக்ஸ் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருப்பீர்கள். அமெரிக்கா முழுமைக்கும் அந்தத் தேர்வு ஒன்றே. நீங்கள் கொடுக்கும் விடையைப் பார்த்துக் கணினி அடுத்த கேள்வியைக் கடினமாக்கும், அல்லது எளிதாக்கும்; 1994 முதல் இதுதான் முறை. ஆனால் தேர்வு எழுதுவதற்கு முன்னால் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். எந்த மாநிலத்தின் செவிலியர் வாரியத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள்? டெக்சாஸா, நியூயார்க்கா, இல்லினாயா? பயிற்சி மையங்களில் இதற்கு ஆலோசனை தாராளமாகக் கிடைக்கும். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமலே எங்கே விண்ணப்பம் ஏற்பார்கள், எங்கே சான்றிதழ் சரிபார்ப்பு சீக்கிரம் முடியும், கட்டணம் எங்கே குறைவு என்றெல்லாம் சொல்வார்கள். தேவையான தகவல்கள்தாம். அந்த மாநிலத்துச் சட்டப்படி செவிலியர் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை, சொல்வதுமில்லை.

தொழிலுக்கு உரிமம் வழங்குவது அங்கே மாநிலத்தின் அதிகாரம். மேற்கு வர்ஜீனியா மருத்துவர் ஒருவர் செய்த மேல்முறையீட்டில் 1889இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே இதை உறுதி செய்தது. ஆகவே ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று ஒரு செவிலியச் சட்டம் வைத்திருக்கிறது. அந்தச் சட்டங்கள் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. யார் செவிலியர் என்பது முதல் கேள்வி. செவிலியர் எதுவரை போகலாம் என்பது இரண்டாவது. முதல் கேள்வியை ஏறத்தாழ தீர்த்துவிட்டார்கள். பொதுத் தேர்வு அதன் அடையாளம். இரண்டாவது கேள்வி நூறு ஆண்டுக்கு மேலாக நீதிமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் அலைகிறது. அந்த அலைச்சலைத்தான் இன்று பேசப் போகிறேன். இந்த எல்லைக்கோட்டைப் போட்டவர்கள் நோயாளிக்கு எங்கே ஆபத்து என்று பார்த்துப் போட்டதை நான் அரிதாகவே காண்கிறேன். பெரும்பாலும், யார் வந்து புகார் சொன்னார்களோ அவர்கள் நின்ற இடத்தில் கோடு விழுந்திருக்கிறது.

முதல் சட்டம் வட கரோலினாவில், 1903 மார்ச் மாதம் வந்தது. அதே ஆண்டில் நியூ ஜெர்சி, நியூயார்க், வர்ஜீனியா மாநிலங்களும் சட்டம் இயற்றின. வட கரோலினாவில் பயிற்சிச் சான்றைக் காட்டி மாவட்ட நீதிமன்ற எழுத்தரிடம் பெயர் பதிந்துகொள்ளலாம். அந்த ஜூனில் முதலில் பதிந்தவர் ஜோசபின் பர்ட்டன். 1923க்குள் எல்லா மாநிலங்களிலும் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. இவை எதைக் காத்தன? பட்டத்தை மட்டும். ‘பதிவு பெற்ற செவிலியர்’ என்று பதியாதவர் போட்டுக்கொள்ளக்கூடாது, அவ்வளவே. பட்டம் போடாமல் அதே வேலையைக் கூலிக்குச் செய்தால் குற்றமில்லை. செவிலியம் என்றால் என்ன வேலை என்று அந்தச் சட்டங்கள் சொல்லவும் இல்லை. உரிமம் இல்லாமல் கூலிக்குச் செவிலியப் பணியே செய்யக்கூடாது என்று முதலில் சொன்னது நியூயார்க், 1938இல். போர் வந்ததால் அதுவும் நடைமுறைக்கு வராமல் பல ஆண்டுகள் தள்ளிப்போனது.

சட்டம் வேலையைப் பற்றி வாய் திறக்காத அந்தக் காலத்தில் சண்டை எங்கே மூண்டது தெரியுமா? அறுவை அரங்கில், மயக்க மருந்தில்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஈதர் கொடுக்கும் வேலை யாருக்கும் வேண்டாத வேலை. பயிற்சி மருத்துவர் ஒருவரிடம் தள்ளிவிடுவார்கள். அவர் கண் முழுக்க அறுவை நடக்கும் இடத்தில் இருக்கும்; முகமூடியில் ஈதர் சொட்டிக்கொண்டிருப்பதும், நோயாளியின் உதடு நீலமாவதும் அவருக்குத் தெரியாது. ராச்செஸ்டரில் மேயோ சகோதரர்கள் அந்த வேலையைச் செவிலியரிடம் கொடுத்தார்கள். அங்கே பணியாற்றிய ஆலிஸ் மகாவ் என்ற அம்மையார் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்தபடியே, மூச்சைக் கவனித்துச் சொட்டுச் சொட்டாக ஈதர் விடுவார். தாம் மயக்கம் கொடுத்த பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றி 1906இல் அவர் கட்டுரை வெளியிட்டார். மயக்க மருந்தால் மரணம் ஒன்றுகூட இல்லை. தனிக் கட்டணம் இல்லாத வேலையாக அது இருந்தவரை அதை யாரும் மருத்துவம் என்று சொல்லவில்லை.

மயக்கவியல் தனித் துறையாகி அதற்குக் கட்டணம் வரத் தொடங்கியதும் பேச்சு மாறியது. மயக்கம் கொடுப்பது மருத்துவத் தொழில், செவிலியர் செய்தால் சட்ட விரோதம் என்ற கருத்து கென்டக்கியில் கிளம்பியது. லூயிவில் நகர அறுவை நிபுணர் லூயி ஃபிராங்க், தம்மிடம் மயக்கம் கொடுத்துவந்த செவிலியர் மார்கரெட் ஹாட்ஃபீல்டையும் சேர்த்துக்கொண்டு நீதிமன்றம் போனார். கீழ் நீதிமன்றத்தில் தோல்வி. 1917இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்த்தது. அந்தத் தீர்ப்பை என் மாணவர்களைக் கட்டாயம் படிக்கச் சொல்வேன். மருத்துவத்தை ஒழுங்கு செய்யும் சட்டங்கள் அந்தத் தொழிலில் இருப்பவர்களின் நன்மைக்காக வந்தவை அல்ல, மக்களின் நன்மைக்காக வந்தவை என்று நீதிபதிகள் சொன்னார்கள். நூறாண்டுக்குப் பிறகும் இந்த விஷயத்தில் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது கலிபோர்னியா. பொருளாதார வீழ்ச்சிக் காலம். மருத்துவர்களுக்கே வருமானம் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனை ஒன்றில் மயக்கம் கொடுத்துவந்த டாக்மார் நெல்சன் என்ற செவிலியர் மீது 1934இல் மருத்துவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். நோயாளி தொடுத்த வழக்கு அல்ல. அதே தொழில் செய்பவர்கள் தொடுத்த வழக்கு. 1936இல் மாநில உச்ச நீதிமன்றம் நெல்சன் பக்கம் நின்றது. வென்ற காரணத்தைக் கவனியுங்கள். அறுவை நிபுணரின் நேர் பார்வையில், அவர் சொற்படி செய்கிறார். ஆகவே அவர் செய்வது மருத்துவத் தொழில் ஆகாது என்றார்கள். வெற்றிதான். ஆனால் ‘மருத்துவர் மேற்பார்வையில்’ என்ற சொற்றொடர் அன்றிலிருந்து செவிலியரின் கேடயமாகவும் விலங்காகவும் ஒரே நேரத்தில் ஆனது. பிந்தைய சட்டங்களில் பாதி இந்தச் சொற்றொடரின் பேரப்பிள்ளைகள்.

செவிலியரின் கையைக் கட்டியது மருத்துவர்கள் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 1955இல் அமெரிக்கச் செவிலியர் சங்கமே மாநிலங்களுக்கு மாதிரி வரையறை ஒன்றை எழுதிக் கொடுத்தது. நோயறிதலும் சிகிச்சை எழுதுவதும் செவிலியத்தில் சேராது என்று அதில் ஒரு வரி. கதவைத் தாமே சாத்திப் பூட்டிச் சாவியையும் கொடுத்துவிட்டார்கள். பல மாநிலங்கள் அந்த வரியை அப்படியே எடுத்துக்கொண்டன. பத்தே ஆண்டில், 1965இல், கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற உயர்நிலைச் செவிலியருக்கான பயிற்சியைத் தொடங்கினார்கள். சட்டம் செய்யாதே என்றதை இவர்கள் வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு சட்டங்கள் பின்னால் ஓடி வந்தன. ஐடஹோ 1971இல் உயர்பயிற்சி பெற்ற செவிலியருக்கு நோயறிதலையும் சிகிச்சையையும் அனுமதித்தது. அதற்கான விதிகளை மருத்துவ வாரியமும் செவிலியர் வாரியமும் சேர்ந்து எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1972இல் நியூயார்க் எல்லாச் செவிலியருக்கும் பொருந்தும்படி வரையறையை மாற்றி எழுதியது: உடல்நலச் சிக்கல்களுக்கு மனிதர் காட்டும் எதிர்வினைகளைக் கண்டறிந்து கவனிப்பது செவிலியம் என்றது. வழக்கறிஞன் கண்ணுக்கு அது சாமர்த்தியமான வாசகம். வார்டில் ராத்திரி இரண்டு மணிக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது வேறு விஷயம்.

இப்போது மிசௌரி. இந்த வழக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கிழக்கு மிசௌரியின் சிற்றூர்களில் ஏழைப் பெண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு மருத்துவமனைகள் இருந்தன. இரண்டு செவிலியர் அங்கே வேலை பார்த்தார்கள். வருகிற பெண்ணின் பழைய நோய் விவரம் கேட்டு எழுதுவார்கள். இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். மார்பகமும் கருப்பை வாயும் சோதிப்பார்கள். பாப் சோதனைக்கு மாதிரி எடுப்பார்கள். கருத்தடை மாத்திரையோ ஆணுறையோ கொடுத்து விளக்கிச் சொல்வார்கள். எந்த நிலையில் எதைக் கொடுக்கலாம், எந்த அறிகுறி தென்பட்டால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று மருத்துவர்கள் கையெழுத்திட்ட நிலையாணை கையில் இருந்தது. மாநில மருத்துவ வாரியம் இதைப் பார்த்து, செவிலியர் உரிமமில்லாமல் மருத்துவம் செய்கிறார்கள் என்றது. அந்த மருத்துவர்கள் அதற்குத் துணை போகிறார்கள் என்றும் மிரட்டியது. மருத்துவர்களும் செவிலியரும் ஒன்றாக நீதிமன்றப் படியேறினார்கள். தங்களுக்குக் கெடுதல் நேர்ந்தது என்று அந்தப் பெண்களில் ஒருவரும் சொல்லவில்லை. தவறாகப் பார்த்தார்கள் என்று வாரியமும் நிரூபிக்கவில்லை. கீழ் நீதிமன்றம் வாரியம் சொன்னதை ஏற்றது.

1983இல் மிசௌரி உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது. 1975ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சட்டமன்றம் பழைய நேரடி மேற்பார்வை நிபந்தனையை எடுத்துவிட்டது. தொழில் வளர்வதற்கு இடம் விட்டே வரையறையை எழுதியிருக்கிறது. மருத்துவத்துக்கும் செவிலியத்துக்கும் இடையே எங்கே கோடு என்று வரைந்து காட்டுவது எங்கள் வேலையல்ல, இந்தச் செவிலியர் தங்கள் படிப்புக்கும் திறனுக்கும் உட்பட்டே நடந்தார்கள் என்றது. தங்கள் எல்லை தங்களுக்குத் தெரியும் என்பதற்கு அந்த நிலையாணைகளே சான்று என்ற பொருளிலும் பேசியது.

இதோடு நல்லபடியாக முடிந்தது என்று நினைப்பீர்கள். பத்து ஆண்டு கழித்து அதே மிசௌரியில் ‘கூட்டுப் பணி ஒப்பந்தம்’ சட்டமானது. மருத்துவரும் செவிலியரும் இத்தனை மைல் தொலைவுக்குள் இருக்க வேண்டும். முதலில் ஒரு மாதம் ஒரே இடத்தில் சேர்ந்து பணி செய்ய வேண்டும். பதினான்கு நாளுக்கு ஒருமுறை நோயாளிக் குறிப்புகளில் பத்து சதவீதத்தை மருத்துவர் படித்துப் பார்க்க வேண்டும். நீதிமன்றத்தில் திறந்த கதவுக்குச் சட்டமன்றத்தில் சங்கிலி போட்டார்கள். மைலை அவ்வப்போது கூட்டியும் தளர்த்தியும் பார்த்தார்களே தவிர, ஒப்பந்தம் போகவில்லை.

கான்சஸ் சிட்டி என்ற ஊர் இரண்டு மாநிலங்களில் கிடக்கிறது. ஸ்டேட் லைன் ரோடு என்று ஒரு சாலை. மேற்கே கான்சஸ், கிழக்கே மிசௌரி. கான்சஸ் 2022இல் ஒப்பந்தத் தேவையை நீக்கிவிட்டது. மேற்குப் பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கும் நர்ஸ் பிராக்டிஷனர் சர்க்கரை நோயாளிக்குத் தம் பொறுப்பிலேயே மருந்து எழுதலாம். சாலையைக் கடந்தால் அதே அம்மாள், அதே படிப்பு, அதே மருந்து; மருத்துவர் ஒருவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாமல் பேனாவை எடுக்கக்கூடாது. நடுவில் மாறியது என்ன? நோயாளியின் கணையம் மாறவில்லை.

டெக்சாஸிலும் இந்த ஒப்பந்தம் உண்டு; ஒரு மருத்துவர் ஏழு முழுநேரப் பணியாளருக்கு இணையானவர்களோடு ஒப்பந்தம் வைத்துக்கொள்ளலாம் என்று 2013 சட்டம் கணக்குச் சொல்கிறது. எட்டாவது ஆளிடம் மட்டும் ஆபத்து எப்படி வரும் என்று கேட்டால் விடையில்லை. இத்தகைய மாநிலங்களில் மருத்துவரின் கையெழுத்துக்கு மாதக் கட்டணம் உண்டு. நோயாளியைக் கண்ணால்கூடப் பாராத மருத்துவருக்கு ஊர்க்கோடியில் கிளினிக் நடத்தும் செவிலியர் தம் வருமானத்திலிருந்து மாதாமாதம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்நாட்டு வணிகப் போட்டி ஆணையமே 2014இல் இதைக் குறித்து அறிக்கை வெளியிட்டு, பாதுகாப்புக்குத் தேவைப்படாத மேற்பார்வை விதிகள் போட்டியைக் கெடுக்கின்றன என்று சொன்னது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில், தொழில் செய்பவர்களே பெரும்பான்மையாக உட்கார்ந்திருக்கும் வாரியம் அரசின் நேர் கண்காணிப்பு இல்லாமல் போட்டியாளரை விரட்டினால் போட்டிச் சட்டத்திலிருந்து தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தது. அது செவிலியர் வழக்கல்ல. பல்லை வெள்ளையாக்கும் கடைகளைப் பல் மருத்துவர் வாரியம் மூடச் சொன்ன வழக்கு. அதுவும் வட கரோலினாவில்தான்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. நியூயார்க் உள்ளிட்ட மாநிலங்களின் ஆளுநர்கள் மேற்பார்வை விதிகளை ஓர் ஆணையில் நிறுத்திவைத்தார்கள். நெருக்கடி வந்த அன்று தேவைப்படாத மேற்பார்வை நெருக்கடி தீர்ந்த பிறகு எதற்கு என்று சட்டமன்றங்களில் கேள்வி எழுந்தது. மாசசூசெட்ஸ் 2021இலும், நியூயார்க் 2022இலும் மருத்துவரைச் சார்ந்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை அனுபவம் பெற்ற நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு நீக்கின. இன்று ஏறத்தாழ பாதி மாநிலங்கள் அவர்களுக்கு முழு அதிகாரம் தருகின்றன. டெக்சாஸும் மிசௌரியும் ஜார்ஜியாவும் தருவதில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒருதலை வழக்காகிவிடும். மருத்துவரின் பயிற்சி மணிகள் நர்ஸ் பிராக்டிஷனரின் பயிற்சி மணிகளைவிடப் பல மடங்கு என்று மருத்துவர் சங்கங்கள் சொல்வது உண்மை. அரிதான நோயை முதல் பார்வையில் பிடிப்பதற்கு அந்த மணிகள் தேவை. உரிமமும் வேண்டாத தடை அல்ல. புளோரிடாவில் மூன்று செவிலியர் பள்ளிகள் 7,600க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை விற்றது 2023 ஜனவரியில் அம்பலமானது. காசு கொடுத்து வாங்கிய சான்றைக் கொண்டு தேர்வு எழுதித் தேறி, வேறு மாநிலங்களில் வார்டில் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். தேர்வு மட்டும் போதாது, படித்த இடத்தையும் வாரியம் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆகவே வாசலில் காவல் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. உள்ளே வந்த பிறகு யார் எங்கே நிற்பது என்பதைப் போட்டியாளர் தீர்மானிப்பதுதான் உறுத்துகிறது.

டெக்சாஸைக் குறை சொன்னேன். ஆனால் அமெரிக்கச் சட்டங்களிலேயே நம் ஊருக்கு எடுத்து வரத் தகுந்தது எது என்று கேட்டால் டெக்சாஸ் சட்டத்தில் உள்ள ஒன்றைத்தான் சொல்வேன். ‘பாதுகாப்பான துறைமுகம்’ என்று அதற்குப் பெயர். செவிலியரிடம் ஒரு வேலையைச் செய்யச் சொல்கிறார்கள். அதைச் செய்தால் நோயாளிக்குத் தாம் செய்ய வேண்டிய கடமை கெட்டுவிடும் என்று அவர் நம்புகிறார். ஒரே ஆளிடம் அளவுக்கு மீறிய நோயாளிகளைக் கொடுத்திருக்கலாம். பழகாத கருவியைக் கையாளச் சொல்லியிருக்கலாம். அப்போது வேலையை ஏற்கும் முன்பே அல்லது ஏற்கும்போதே, தேதி, நேரம், இடம், சொன்னவர் பெயர், தம் தயக்கத்துக்குக் காரணம் எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டு மேலதிகாரியிடம் கொடுக்கலாம். பிறகு சக செவிலியர் குழு அதை ஆராய வேண்டும். நல்ல நம்பிக்கையில் எழுதியவரை நிர்வாகம் பழிவாங்கக் கூடாது. அந்த வேலையை ஏற்றதற்காக வாரியம் அவர் உரிமத்தில் கை வைக்காது. மற்ற சட்டங்கள் செவிலியருக்கு எல்லை போடுகின்றன. இது, எல்லை மீறச் சொல்பவருக்கு எதிராகச் செவிலியரின் கையில் ஒரு தாளைக் கொடுக்கிறது.

நம் கதைக்கு வருகிறேன். 1926ஆம் ஆண்டு மதராஸ் செவிலியர், மருத்துவச்சியர் சட்டத்துக்கு நூறு வயது. செவிலியர், மருத்துவச்சி, சுகாதாரப் பார்வையாளர், மரபுவழியில் பேறு பார்க்கும் தாயி ஆகியோரின் பதிவுக்கும் பயிற்சிக்கும் வந்த சட்டம் அது; 1903ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டங்களின் தலைமுறையைச் சேர்ந்தது. யார் செவிலியர் என்பதே அதன் கவலை. எதுவரை என்ற கேள்வி நம்மிடம் சுற்றறிக்கைகளிலும் வழிகாட்டுக் குறிப்பேடுகளிலும் கிடக்கிறது. துணைச் சுகாதார நிலையத்துக்கு வலிப்போடு வரும் கர்ப்பிணிக்கு மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் முன் கிராம சுகாதார செவிலியர் மெக்னீசியம் சல்ஃபேட் முதல் தவணையை இரண்டு பிட்டத்திலும் ஆழமாகப் போடலாம் என்பது, ஒன்றிய அரசின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டுக் குறிப்பேடு தந்த அதிகாரம். உயிரைக் காக்கும் ஊசி அது. குறிப்பேட்டில் வந்த அதிகாரம் இன்னொரு குறிப்பேட்டில் போய்விடலாம். வழக்கு வந்தால் அதற்கு எவ்வளவு எடை என்பதை எதிர்த்தரப்பு வக்கீல் முடிவு செய்யப் பார்ப்பார்.

1947ஆம் ஆண்டு இந்தியச் செவிலியர் மன்றச் சட்டத்துக்குப் பதிலாக, தேசியச் செவிலிய, மகப்பேறு உதவி ஆணையச் சட்டத்தை 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மாநிலந்தோறும் ஓர் ஆணையம் அமைக்க வேண்டும் என்கிறது அது. அந்த ஆணையங்கள் விதி எழுத உட்காரும்போது மயக்க மருந்து வழக்குகளையும் மிசௌரி வழக்கையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தால் நல்லது. ஒவ்வொரு தடையின் பக்கத்திலும், இதனால் கெடுதல் அடைந்த நோயாளி யார் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு எழுதட்டும். குறிப்பதற்கு ஒன்றும் இல்லையென்றால் அந்தத் தடையை அடித்துவிடலாம்.

அத்துடன் படிவம் ஒன்றையும் அச்சடித்து ஒவ்வொரு வார்டு மேசையிலும் வைக்க வேண்டும். ஒரு பக்கம் போதும்: தேதி, நேரம், வார்டு, எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர், சொன்னவர் பெயர், என் தயக்கம். இரண்டு நகல், ஒன்று கண்காணிப்பாளரின் கையெழுத்தோடு செவிலியரிடமே இருக்க வேண்டும். விதி எழுதுபவர்களிடம் இதைக் கேட்டு வாங்க வேண்டியது இங்கே இருக்கும் செவிலியர் சங்கப் பொறுப்பாளர்கள். வரைவு வாசகம் எழுத வக்கீல் வேண்டுமென்றால் நான் கட்டணம் வாங்காமல் எழுதித் தருகிறேன்.